மர்மக் கதைக்கு முதல் வரி எழுதுவது எப்படி? கடலூர், புதுச்சேரிக் கதைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மர்மக் கதை எழுத உட்கார்ந்ததும் கை தானாக எழுதிவிடும் வரிகள் சில உண்டு. “அமாவாசை இருட்டு ஊரைப் போர்த்தியிருந்தது.” “வீல் என்ற அலறல் இரவைக் கிழித்தது.” “அந்த நாள் தன் வாழ்க்கையையே புரட்டிப்போடும் என்று அவனுக்கு அப்போது தெரியாது.” பஸ் நிலையக் கடைகளில் மாத நாவல்கள் கயிற்றில் தொங்கிய காலத்திலிருந்து இவை புழக்கத்தில் இருக்கின்றன. தேய்ந்துபோனவை என்பதைக்கூட மன்னித்துவிடலாம். எந்தக் கதைக்கு வேண்டுமானாலும் பொருந்தும் என்பதுதான் இவற்றின் பெரிய குறை. அந்த அலறலைக் கடலூரிலிருந்து கழற்றிக் கோயம்புத்தூரில் மாட்டினாலும் கதைக்கு ஒரு சேதமும் வராது.

நல்ல முதல் வரி பயமுறுத்த முயல்வதில்லை. சாதாரணக் குரலில் ஒரு செய்தியைச் சொல்லும். அந்தச் செய்தியில் ஒன்று மட்டும் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும்.

“துக்க வீட்டு வாசலில் கோலம் போட்டிருந்தது.”

பிணமும் இல்லை, ரத்தமும் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் தமிழர் யாரும் அடுத்த வரிக்குப் போகாமல் இருக்க மாட்டார். சாவு விழுந்த வீட்டில் கோலம் போட மாட்டார்கள் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை, வாசகருக்கே தெரியும். போட்டது யார்? வீட்டில் ஒருவர் இறந்தது தெரியாமல் போட்டாரா, தெரிந்தே போட்டாரா? இப்படி ஒரு வரியை எப்படிப் பிடிப்பது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: முடிவு தெரியாமல் முதல் வரி எழுதாதீர்கள்

காதல் கதைக்கு இந்த விதி தேவைப்படாமல் போகலாம். மர்மக் கதைக்குக் கட்டாயம். யார் செய்தார், ஏன் செய்தார், எதை மறைத்தார் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகுதான் எந்தப் பொருள் இடம் மாறி நிற்கும் என்று சொல்ல முடியும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கதையை வைத்துக்கொள்வோம். இடம் கடலூர் முதுநகர் துறைமுகம். காலம் மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் படகுகளைக் கரையேற்றி மரவேலை, இன்ஜின் வேலை, வண்ணம் அடிப்பது எல்லாம் முடித்துக்கொள்வார்கள். ஒரு படகுக்குப் பங்குதாரர்கள் இருவர். கணக்குத் தகராறில் ஒருவர் மற்றவரைத் திங்கள் இரவு கொன்றுவிடுகிறார். பிணத்தைப் படகின் மீன் அறையில் ஐஸுக்குள் புதைத்துவிட்டு, புதன்கிழமை நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாணத்தில் போட்டோவுக்கு நிற்கிறார். வியாழன் விடிவதற்கு முன் ஊர் திரும்பிப் பிணத்தை உப்பனாற்றுக் கரையில் போடுகிறார். குளிரில் இருந்த உடல் மெதுவாகத்தான் கெடும், விறைப்பும் தாமதமாகும். ஆகவே சாவு புதன் இரவு நடந்ததாகத் தோன்றும். புதன் இரவு அவர் மணமேடையில் இருந்தார் என்பதற்கு ஊரே சாட்சி.

இந்தக் கதையின் உயிர் ஐஸில் இருக்கிறது. முதல் வரி அங்கிருந்துதான் வர வேண்டும்.

படி 2: முதல் வரியை அடித்து அடித்து எழுதுங்கள்

முதலில் வருவது இப்படி இருக்கும்:

“அன்று துறைமுகத்தில் ஒரு பயங்கரம் காத்திருந்தது.”

பயங்கரம் என்று எழுத்தாளர் சொல்கிறார். வாசகர் எதையும் பார்க்கவில்லை. அடித்துவிடுங்கள்.

“விசைப்படகின் ஐஸ் அறையில் ஒரு பிணம் கிடந்தது.”

இது மோசமில்லை. பலர் இங்கேயே நின்றுவிடுவார்கள். ஆனால் இந்த வரி எழுப்பும் கேள்வி “யார் கொன்றது?” என்பது மட்டும்தான். எல்லா மர்மக் கதையும் கேட்கும் கேள்வி அது. தவிர, கதையின் பெரிய ரகசியமான ஐஸை இரண்டாவது சொல்லிலேயே அவிழ்த்தாயிற்று.

“தடைக்காலத்தில் கரையேற்றி நிறுத்தப்பட்டிருந்த விசைப்படகு ஒன்றிலிருந்து தண்ணீர் சொட்டுவதைக் கண்டு துறைமுகத் தொழிலாளர்கள் அனைவரும் அதிர்ச்சியடைந்தனர்.”

தண்ணீர் வந்துவிட்டது, நல்லது. ஆனால் ‘அனைவரும் அதிர்ச்சியடைந்தனர்’ என்பது செய்தித்தாள் ஆறாம் பக்கம். உண்மையில் படகு சொட்டினால் யாரும் அதிர மாட்டார்கள். யாராவது ஒருவர் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். அதிர்ச்சியை வெட்டுங்கள், கூட்டத்தை வெட்டுங்கள்.

“கரையேற்றி இருபது நாளாகியும் அந்தப் படகின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.”

இதை வைத்துக்கொள்ளலாம். கரையில் வெயில் குடித்த மரப்படகு காய்ந்து, பலகைகளின் இடுக்கு விரிந்துகொள்ளும். உள்ளே ஐஸ் உருகினால் அந்த இடுக்கு வழியாகத்தான் கசியும். விடை முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. ஆனால் ஐஸ் என்ற சொல் இல்லை, பிணம் இல்லை, கொலை இல்லை. கதையை முடித்துவிட்டுத் திரும்பி வந்து படிக்கிறவர் “அட, முதல் வரியிலேயே சொல்லிவிட்டாரே” என்று சொல்ல வேண்டும். மர்மக் கதைக்காரருக்கு அதைவிடப் பெரிய கூலி கிடையாது.

படி 3: இடம் மாறிய பொருளை உங்கள் ஊரில் தேடுங்கள்

புதுச்சேரி என்றால் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் பிரெஞ்சுத் தெருப் பலகையும் எழுதுவது சுற்றுலா அட்டையின் வேலை. அங்கே வாழ்கிறவர் சுவரின் நிறத்தைக் கவனிப்பதில்லை. கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து மறுநாள் காலை வரை வண்டிகளை விட மாட்டார்கள் என்பதுதான் அவருக்குத் தெரியும். அதை எடுத்துக்கொண்டால்:

“விடியற்காலை நான்கு மணிக்குக் கடற்கரைச் சாலையின் நடுவே ஒரு கார் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க நின்றிருந்தது.”

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்காருங்கள். ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, கொஞ்ச தூரத்தில் கன்னியக்கோயில் புதுச்சேரி. மதுக்கடைப் பலகைகள் திடீரென்று பெருகும், போலீஸ்காரரின் தலையில் சிவப்புத் தொப்பி ஏறும். இப்படியோர் எல்லை வைத்துக்கொண்டு நம் ஊர் எழுத்தாளர்கள் கொலை நடக்க ஊட்டி பங்களாவைத் தேடிப் போவது எனக்கு விளங்கியதே இல்லை.

“தலை தமிழ்நாட்டிலும் கால் புதுச்சேரியிலும் கிடந்ததால் மதியம் வரை பிணத்தை யாரும் தொடவில்லை.”

சிரிப்பு வருகிறது, கூடவே கதையும் வருகிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவல் வந்த காவல் நிலையம் வழக்குப் பதிந்தாக வேண்டும். பிறகு உரிய நிலையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆகவே இன்றைய கதையில் இரண்டு நிலையங்களும் மதியம் வரை கைகட்டி நின்றால், சட்டம் அறிந்த வாசகர் முகம் சுளிப்பார். ஒன்று, கதையைப் பழைய காலத்துக்குத் தள்ளுங்கள். அல்லது அந்தத் தாமதத்தையே துப்பாக்குங்கள்: வேண்டுமென்றே நேரம் கடத்தியது யார்?

பழைய காலத்துக்குத் தள்ளுவதென்றால் இந்தக் கடற்கரைக்கு நிகர் குறைவு. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான். இடையில் ஏறக்குறைய எட்டு ஆண்டு. “அக்டோபர் 31 இரவு பிரெஞ்சு ஆட்சியில் விழுந்த பிணத்தை நவம்பர் 1 காலை இந்திய அதிகாரி எழுதிக்கொண்டார்.” இந்த ஒரு வரியிலிருந்து நாவலே எழுதலாம்.

இன்னும் பின்னால் போனால் தேவனாம்பட்டினம் கோட்டை. 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி அதைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரையிலான நிலமும் சேர்த்தே விலைபேசப்பட்டது. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் உண்டு. இதைப் படித்த உடனே எனக்குத் தோன்றிய வரி: “எல்லைக் குண்டு விழுந்த வயலில் மறுநாள் காலை இரண்டு குண்டுகள் கிடந்தன.” நிலத்துக்காக யாரோ இரவில் எல்லையை நகர்த்தியிருக்கிறார்கள். எழுத விரும்புகிறவர் எடுத்துக்கொள்ளலாம்.

2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் அடியோடு சாய்த்தது. “புயல் கடந்த அன்று காலை, சாய்ந்து கிடந்த பலா மரங்களில் ஒன்று மட்டும் ரம்பத்தால் அறுபட்டிருந்தது.” இங்கே ‘அன்று காலை’ என்பது முக்கியம். மறுநாள் என்று எழுதினால் வரி செத்துவிடும். மறுநாள் வழியில் கிடந்த மரத்தை வெட்ட ஊரே ரம்பத்தோடு அலைந்திருக்கும்.

படி 4: வினைமுற்றுக்குக் காவல் போடுங்கள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எழுத்துப் பாடங்கள் சொல்லித்தராத இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

தமிழ் வினைமுற்று வாய் ஓட்டை. “கொலையாளி கதவைத் திறந்தான்” என்று எழுதிய நொடியில் ஊரில் உள்ள பெண்கள் அத்தனை பேரும் சந்தேகப் பட்டியலிலிருந்து வெளியே போய்விட்டார்கள். ‘திறந்தாள்’ என்றால் ஆண்கள் போய்விட்டார்கள். ஆணா பெண்ணா என்பது மறைய வேண்டிய கதையில் முதல் வரியே காட்டிக்கொடுத்துவிடும்.

தப்பிக்கும் வழிகள் மொழிக்குள்ளேயே இருக்கின்றன. செய்தவரை விட்டுவிட்டு உறுப்பைப் பிடியுங்கள்: “கதவைத் திறந்த கையில் மோதிரம் இல்லை.” பெயரெச்சத்தைப் போட்டு அஃறிணைக்குத் தாவியதும் ஆண்பால் பெண்பால் பேச்சே போயிற்று, கூடுதலாக ஒரு துப்பும் கிடைத்தது. அல்லது செயலை விட்டுவிட்டு விளைவை எழுதுங்கள்: “கதவு திறந்திருந்தது.” அல்லது பன்மையில் ஒளியுங்கள்: “யாரோ திறந்திருக்கிறார்கள்.” ஒருவரா பலரா என்பதும் மறைந்துவிடும். தன்மை ஒருமைக்கும் பால் கிடையாது. “கதவைத் திறந்தேன்” என்று கொலையாளியே கதை சொன்னால் கடைசிப் பக்கம் வரை ஆணா பெண்ணா என்று தெரியாமல் நடத்தலாம். ஒரு வழி மட்டும் வேண்டாம்: ‘திறக்கப்பட்டது’. செயப்பாட்டு வினை காவல் நிலையக் குறிப்புக்குச் சரி, கதைக்கு மரக்கட்டை.

மரியாதை விகுதி இன்னும் கூர்மையான கருவி. இறந்தவரைக் கதைசொல்லி எப்படிச் சொல்கிறார் என்பதிலேயே உறவு தெரிந்துவிடும். காலமானார், இறந்தார், செத்தான்: மூன்றும் ஒரே செய்தி, மூன்று மனிதர்கள். இரண்டை ஒரே வரியில் மோதவிட்டுப் பாருங்கள்.

“முதலாளி காலமானார், அவன் செத்த இடத்தை நான் இரண்டு முறை கழுவினேன்.”

ஊருக்கு முன்னால் ‘ஆர்’, உள்ளுக்குள் ‘அன்’. காற்புள்ளிக்கு இந்தப் பக்கம் வந்ததும் முகமூடி கழன்றுவிட்டது. ‘அவனை வெறுத்தேன்’ என்று தனியாக எழுத வேண்டிய அவசியமே இல்லை.

சின்னச் சின்ன இடைச்சொற்களையும் விடாதீர்கள். “அந்த ஞாயிற்றுக்கிழமை தபால்காரர் வந்தார்” என்பது ஒரு புதிர். “அந்த ஞாயிற்றுக்கிழமையும் தபால்காரர் வந்தார்” என்பது வேறொரு புதிர். முந்தைய ஞாயிறுகளிலும் வந்திருக்கிறார், வீட்டில் யாரோ அதை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். படகு வரியிலும் ‘இருபது நாளாகியும்’ என்ற உம்மை இல்லாவிட்டால் சொட்டும் தண்ணீர் வெறும் தண்ணீர்தான்.

‘ஆம்’ விகுதியும் அப்படியே. “மாடியிலிருந்து தவறி விழுந்தார்” என்றால் சாட்சி. “மாடியிலிருந்து தவறி விழுந்தாராம்” என்றால் சொல்கிறவரே நம்பவில்லை.

இன்னொன்று சொற்களின் வரிசை. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் நிற்பதால், இடறும் சொல்லை அங்கே கொண்டுபோய் வைக்கலாம். “கோலம் போட்டிருந்தது துக்க வீட்டு வாசலில்” என்று திருப்பிப் பாருங்கள். பிடி தளர்ந்துவிடும். முதலில் துக்க வீடு, பிறகு வாசல், பிறகுதான் கோலம்.

படி 5: கதைசொல்லி பொய் சொல்லக் கூடாது

பாத்திரங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்லலாம். படர்க்கையில் கதை சொல்லும் எழுத்தாளர் சொல்லக் கூடாது. “அவர் தூக்கு மாட்டிக்கொண்டார்” என்று நீங்களே எழுதிவிட்டு, கடைசியில் அது கொலை என்றால் வாசகரை ஏமாற்றியிருக்கிறீர்கள். “தூக்கு மாட்டிக்கொண்டதாக எழுதிக்கொண்டார்கள்” என்றால் நீங்கள் உண்மையே சொன்னீர்கள், எழுதிக்கொண்டவர்கள்தான் தவறினார்கள்.

கனவில் நடக்கும் கொலையோடு தொடங்கி “திடுக்கிட்டு விழித்தான்” என்று முடிக்கும் முதல் பத்தியும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

படி 6: வெயில், கடல், உடல்: மூன்றையும் சரிபாருங்கள்

“தேவனாம்பட்டினக் கடலில் சூரியன் மூழ்கிக்கொண்டிருந்தது” என்று எழுதினால் கதை அங்கேயே மூழ்கிவிடும். நமது கடல் கிழக்கே. சூரியன் அதிலிருந்து எழும். மறைவது நிலத்தின் பக்கம். சினிமாவில் பார்த்த அரபிக்கடல் மாலையை இங்கே கொண்டுவர வேண்டாம். பௌர்ணமி நிலவு மட்டும் மாலையில் கடலிலிருந்து மேலே வரும், அது நமக்குக் கிடைத்த வரம்.

அடைமழை இரவு வேண்டுமென்றால் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கதையை வையுங்கள். மே மாதத்தில் ஒரு வாரம் விடாமல் கொட்டினால் காரணம் சொல்லியாக வேண்டும்.

உடல் விறைப்பு இறந்த சில மணி நேரத்தில் தாடை, கழுத்துப் பக்கம் தொடங்கி, ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்தில் முழுவதும் பரவி, பிறகு தளரும். வெப்பத்தில் எல்லாமே வேகமாக நடக்கும், குளிரில் தாமதமாகும். நீரில் மூழ்கிய உடல் பெரும்பாலும் முதலில் அடியில் போய், உள்ளே வாயு சேர்ந்த பிறகே மேலே வரும். மாலையில் மூழ்கியவர் இரவுச் சாப்பாட்டுக்குள் மிதந்தால் அது தவறு; அல்லது அவர் மூழ்கிச் சாகவில்லை என்பதற்கான துப்பு. எது என்பதை நீங்கள் முடிவு செய்திருக்க வேண்டும்.

படி 7: பேச்சில் தொடங்குவதானால்

செய்யலாம், ஆனால் விளிச்சொல்லுக்கு வேலை கொடுங்கள். “ஐயா, விலங்கு கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது” என்றால் கைதியும் இன்ஸ்பெக்டரும். “சித்தப்பா, விலங்கு கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது” என்றால் கதை.

படி 8: இரண்டாவது வரியில் கெடுத்துவிடாதீர்கள்

நல்ல முதல் வரிகள் பெரும்பாலும் இரண்டாவது வரியில்தான் சாகின்றன. எழுதியவருக்குப் பதற்றம், வாசகருக்குப் புரியாமல் போய்விடுமோ என்று விளக்க ஆரம்பித்துவிடுவார். “கரையேற்றி இருபது நாளாகியும் அந்தப் படகின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தடைக்காலத்தில் படகில் தண்ணீர் எப்படி வந்தது? இதில் ஏதோ மர்மம் இருக்கிறதோ?” போயிற்று. வாசகர் கேட்க வேண்டிய கேள்வியை நீங்களே கேட்டுவிட்டீர்கள்.

இரண்டாவது வரியில் யாராவது ஏதாவது சின்ன வேலை செய்யட்டும்.

“கரையேற்றி இருபது நாளாகியும் அந்தப் படகின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வண்ணம் அடிக்க வந்த பையன் தன் டப்பாவைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டான்.”

பையனுக்கு அது மர்மமில்லை, தொந்தரவு. பிற்பாடு போலீஸ் விசாரிக்கும்போது “எந்தக் கிழமை டப்பாவைத் தள்ளி வைத்தாய், தம்பி?” என்ற கேள்விக்கு அவன் சொல்லும் பதிலில்தான் நாகப்பட்டினத்துக் கல்யாண போட்டோ கிழிய வேண்டும். சாட்சியை இரண்டாவது வரியிலேயே மேடையில் ஏற்றி, ஒரு பெயர்கூடக் கொடுக்காமல் ஓரமாக நிறுத்தியாயிற்று.

படி 9: வெளியே படித்துக் காட்டுங்கள், தலைப்பையும் பாருங்கள்

வரியை வாய்விட்டுப் படியுங்கள். ஒரே மூச்சில் வராவிட்டால் ஒரு சொல் அதிகம். பிறகு கதை தெரியாத ஒருவரிடம் அந்த ஒரு வரியை மட்டும் சொல்லுங்கள். “நன்றாக இருக்கிறது” என்றால் அது உபசாரம். “அது எப்படி?” என்று கேட்டால் வைத்துக்கொள்ளுங்கள். “கொன்றது யார்?” என்று கேட்டால் இன்னும் இரண்டு முறை எழுதிப் பார்க்கலாம்.

எழுதும்போது கதை திசைமாறினால் முதல் வரியையும் மாற்றத் தயங்காதீர்கள். கொலையாளியை மாற்றிவிட்டு, பழைய முதல் வரி அழகாக இருக்கிறது என்று விட்டுவைத்தால், அது வேறு கதையின் துப்பாக அனாதையாக நிற்கும்.

கடைசியாகத் தலைப்பு. வாசகர் உண்மையில் முதலில் படிப்பது அதைத்தான். ‘பனிப்பெட்டிப் பிணம்’ என்று தலைப்பு வைத்துவிட்டால் சொட்டும் தண்ணீருக்கு வேலையே இல்லை. பத்திரிகையில் ஓவியர் ஐஸ் கட்டியையும் ஒரு கையையும் வரைந்து மிச்சத்தையும் முடித்துவைப்பார். நானாக இருந்தால் ‘அறுபத்தொரு நாள்’ என்று வைப்பேன். கடலோரக்காரருக்கு அது தடைக்காலம் என்று புரியும். மற்றவர்களுக்கு மூன்றாம் பக்கத்தில் புரிந்தால் போதும்.